தப்பிப் பிழைத்தவற்றின் சாட்சியம்: கடல் ஓடுகள் சொல்லும் வேட்டையின் வரலாறு

முழுமையாக வென்ற வேட்டை பெரும்பாலும் தடயம் வைப்பதில்லை. நண்டு நொறுக்கிய சிப்பியின் சில்லுகள் அலையில் தேய்ந்து மணலோடு மணலாகிவிடுகின்றன. மீன் விழுங்கிய நத்தை அதன் குடலிலேயே முடிந்துபோகிறது. புழுவைப் புழு தின்றால் இரண்டுமே பாறையில் பதியாமல் போகலாம். அப்படியிருக்க, பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் எது எதைத் தின்றது, எவ்வளவு தின்றது, அதனால் கடல்வாழ்வின் போக்கே மாறியதா என்று கேட்பது வீண் ஆசையாகத் தோன்றலாம். ஆனால் 1970களிலிருந்து தொல்லுயிரியலில் விடாமல் நடந்துவரும் பெரிய விவாதங்களில் இதுவும் ஒன்று.

இந்த விவாதத்துக்குச் சான்று தந்தவை பெரும்பாலும் முதுகெலும்பற்ற கடலுயிர்களே: நத்தைகள், சிப்பிகள், டிரைலோபைட்டுகள் என்ற அழிந்துபோன கணுக்காலிகள், அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டு உயிர்கள், கடல் அல்லிகள். டைனோசரின் முழு எலும்புக்கூடு கிடைப்பது அரிது. சிப்பிகளோ ஒரே பாறை அடுக்கில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். எண்ணிப் பார்த்து, விகிதம் கணக்கிட்டு, ஒரு காலத்தை இன்னொரு காலத்தோடு ஒப்பிட முடிவதுதான் அவற்றின் பலம்.

இந்தச் சான்றுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் அழுத்தமாகத் தெரிகிறது. பழங்கடலின் வேட்டையைப் பற்றி நாம் நம்பிச் சொல்லக்கூடியவற்றில் பெரும்பங்கு தோற்றுப்போன தாக்குதல்களிலிருந்து வந்தது. அடிபட்டு, காயம் ஆறி, மேலும் வளர்ந்த உயிர்களே நமது முதன்மைச் சாட்சிகள். அந்தச் சாட்சியத்தை எப்படிப் படிப்பது என்பதைச் சுற்றியே இத்துறையின் முக்கியச் சர்ச்சைகள் நடந்திருக்கின்றன.

தடயங்களின் வகைகள்

வேட்டைக்கான சான்றுகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, தின்றதன் வயிற்றுக்குள்ளேயே தின்னப்பட்டது கிடைப்பது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள பர்ஜெஸ் ஷேல் பாறைகள் சுமார் 50.8 கோடி ஆண்டுகள் பழமையானவை. அங்கே ஓட்டோயா என்ற புழுவின் குடலுக்குள் ஹையோலித் எனப்படும் கூம்பு ஓட்டு உயிர்கள் கிடைத்தன. சிட்னியா என்ற கணுக்காலியின் குடலில் சிறு டிரைலோபைட்டுகளின் எச்சங்கள் இருந்தன. இரண்டாவது, கல்லாகிப்போன கழிவு. அதில் ஓட்டுத் துண்டுகள் இருந்தால், ஓட்டை உடைத்துத் தின்னும் ஏதோ ஒன்று அங்கே இருந்தது உறுதி. இவ்விரண்டு வகைகளும் ஐயத்துக்கு இடம் தராதவை, ஆனால் மிக அரிதானவை. விதிவிலக்கான சூழலில் மட்டுமே பதிவதால் இவற்றைக் கொண்டு காலப்போக்கிலான மாற்றத்தை அளக்க முடியாது.

அளப்பதற்கு உதவுபவை மற்ற இரண்டு: ஓட்டில் இடப்பட்ட துளை, ஆறிய காயத்தின் வடு. இவற்றை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு துளையைப் படிக்கும் முறை

நாட்டிசிடே குடும்பத்து நத்தைகள் இன்றும் உலகின் மணற்பாங்கான கடல்களில் வாழ்கின்றன. நம் கடற்கரைகளில் ஒதுங்கும் சிப்பிகளில், உச்சியை ஒட்டி நேர்த்தியான வட்டத் துளையோடு கிடப்பவற்றில் பல இவற்றின் வேலை. இந்த நத்தை தன் அகன்ற பாதத்தால் சிப்பியைப் போர்த்திப் பிடிக்கிறது. உறிஞ்சுகுழலில் உள்ள சுரப்புறுப்பு ஒன்று சுண்ண ஓட்டை வேதியியல் முறையில் இளக்குகிறது. இளகிய பகுதியை, வரிசை வரிசையாகப் பற்கள் கொண்ட ராடுலா என்ற நாக்கு சுரண்டி எடுக்கிறது. மீண்டும் சுரப்பு, மீண்டும் சுரண்டல். மிக மெதுவான வேலை. ஆய்வகத்தில் அளந்தபோது மணிக்குச் சுமார் 0.02 மி.மீ. ஆழம்தான் போயிற்று. 2 மி.மீ. தடிமனான ஓட்டைத் துளைக்க நான்கு நாட்கள் ஆகும்.

துளையின் வடிவம் துளைத்தவரைக் காட்டிக்கொடுக்கிறது. நாட்டிசிட் துளை வெளிப்புறம் அகன்று உள்நோக்கிக் குறுகும் கிண்ண வடிவம் கொண்டது. முள்சங்குகள் அடங்கிய மியூரிசிடே குடும்பத்தின் துளை பெரும்பாலும் நேரான சுவர் கொண்ட உருளை. பாதியில் கைவிடப்பட்ட நாட்டிசிட் துளை இன்னும் சுவாரசியமானது. அதன் அடியில், நடுவே சிறு மேடு ஒன்று புடைத்து நிற்கும். இரை நழுவியிருக்கலாம், நத்தைக்கே ஆபத்து வந்திருக்கலாம், ஓடு தாங்கமுடியாத அளவு தடித்திருக்கலாம். காரணம் எதுவானாலும், ஒரு தாக்குதல் தோற்றதற்கு அந்த மேடு அத்தாட்சி. புதைபடிவத் துளைகளுக்கு ஓய்க்னஸ் என்று தனிப் பேரினப் பெயரை 1981இல் ரிச்சர்ட் புரோம்லி சூட்டினார். உயிரின் உடலுக்குச் சூட்டாமல் அதன் செயலுக்குச் சூட்டிய பெயர் அது.

ஓட்டில் உள்ள துளை எல்லாமே வேட்டைத் துளை ஆகிவிடாது. கடற்பஞ்சுகள் ஓட்டைக் குடைந்து குடியிருக்கின்றன. அலையும் மணலும் தேய்த்தே ஓட்டை ஓட்டையாக்கும். எனவே ஆய்வாளர்கள் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறார்கள். துளை வெளியிலிருந்து உள்ளே, ஓட்டுப் பரப்புக்குச் செங்குத்தாகப் போயிருக்க வேண்டும். பெரும்பாலான ஓடுகளில் ஒரே துளைதான் முழுமை பெற்றிருக்க வேண்டும். துளைகள் ஓட்டில் கண்டபடி சிதறாமல் குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட அளவுள்ள இரைகளில் குவிந்திருக்க வேண்டும். இடத்தையும் இரையையும் தேர்ந்தெடுத்த அடையாளம் இருந்தால் அங்கே ஒரு கொன்றுண்ணி செயல்பட்டிருக்கிறது. 1981இல் ஜெனிஃபர் கிட்செல் குழுவினர், எந்த இரையை எடுத்தால் உழைப்புக்கு ஏற்ற ஊதியம் கிடைக்கும் என்ற கணக்குப்படியே நாட்டிசிட் நத்தைகள் இரையைத் தேர்ந்தெடுக்கின்றன என்று சோதனைகளில் காட்டினார்கள். அந்தக் கணக்கைப் புதைபடிவங்களுக்கும் பொருத்திப் பார்க்க அது வழி திறந்தது.

ஓடு தோன்றியபோதே

வேட்டை எப்போது தொடங்கியது? இன்று கிடைக்கும் சான்றுகளில் மிகப் பழையது, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எடியாகரன் காலத்தின் இறுதிக்கு நம்மைக் கொண்டுபோகிறது. கிளௌடினா என்பது கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போன்ற குழாய். சுண்ண ஓடு கட்டிய முதல் விலங்குகளில் ஒன்று. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் கிடைத்த கிளௌடினாக் குழாய்களில் துளைகள் இருப்பதை ஸ்டீஃபன் பெங்க்ட்சனும் யுவே ஜாவோவும் 1992இல் வெளியிட்டார்கள். துளையின் அளவு குழாயின் அளவோடு ஒத்துப்போவதாகப் பிற்கால ஆய்வுகள் கண்டன. அதே பாறையில் கூடவே வாழ்ந்த சைனோடியூபுலைட்டஸ் குழாய்களில் துளை இல்லை. ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை விட்டிருக்கிறது ஏதோ ஒன்று. துளைத்த உயிரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் தேர்வு மட்டும் கல்லில் நிற்கிறது.

ஓடு என்ற கவசமும் அதைத் துளைக்கும் உத்தியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தென்படுவது தற்செயல் என்று தோன்றவில்லை. தென் ஆஸ்திரேலியாவின் 51.7 கோடி ஆண்டுப் பழமையான கேம்பிரியன் பாறைகளில் லாப்வொர்த்தெல்லா என்ற சிறு உயிரின் ஓடுகள் இருநூற்றுக்கும் மேல் துளைபட்ட நிலையில் கிடைத்ததை 2025இல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. துளைபடுவது கூடும்போது ஓட்டின் தடிமனும் கூடியது. இரைக்கும் கொன்றுண்ணிக்கும் இடையிலான ஆயுதப் போட்டிக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய உதாரணம் இதுவாக இருக்கலாம்.

கேம்பிரியன் கடலின் கொன்றுண்ணி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அனோமலோகாரிஸ். அதன் முன்கைகள் 1892இல் இறால் போன்ற தனி உயிராக விவரிக்கப்பட்டன. வட்ட வாயை 1911இல் ஜெல்லிமீன் என்று கருதினார்கள். ஹாரி விட்டிங்டனும் டெரெக் பிரிக்ஸும் 1985இல் எல்லாவற்றையும் ஒரே விலங்காகச் சேர்த்தார்கள். அதன் பிறகு, டிரைலோபைட்டுகளின் ஓரத்தில் காணப்படும் வளைவான கடிகளுக்கெல்லாம் அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. 2023இல் அதன் முன்கைகளை இயந்திரவியல் மாதிரிகளால் சோதித்தபோது வேறு முடிவு வந்தது. கெட்டியான டிரைலோபைட்டைப் பிடித்தால் அந்தக் கைகளே சேதமடைந்திருக்கும். நீரில் வேகமாக நீந்தும் மென்மையான இரைக்கே அவை ஏற்றவை. மறுபக்கம், சிட்னியாவின் கால்களின் அடியில் உள்ள பற்கள் ஓட்டை நொறுக்கும் வலிமை கொண்டவை என்று இன்றைய குதிரைலாட நண்டோடு ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டின. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில், ரெட்லிகியா ரெக்ஸ் என்ற பெரிய டிரைலோபைட்டே மற்ற டிரைலோபைட்டுகளையும் தன் இனத்தையும் தின்றிருக்கலாம் என்று 2022இல் வாதிட்டார்கள். வடு இருக்கிறது, அதை உண்டாக்கியவர் யார் என்பதில்தான் கருத்து மாறிக்கொண்டே வருகிறது.

டிரைலோபைட் வடுக்கள் இன்னொரு சர்ச்சையையும் கிளப்பின. லோரன் பாப்காக்கும் ரிச்சர்ட் ராபிசனும் 1989இல், ஆறிய காயங்கள் உடலின் வலப்பக்கத்தில் அதிகம் என்றார்கள். தாக்கிய விலங்குக்கோ தப்பிய விலங்குக்கோ இடது வலது என்ற பழக்கம் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நரம்பு மண்டலத்தின் சமச்சீரின்மையை 50 கோடி ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோகும் துணிச்சலான முடிவு அது. பின்னர் வேறு இடங்களின் சேகரிப்புகளை அலசியவர்களுக்கு இந்தச் சாய்வு எங்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. இந்தக் கேள்வி இன்னும் மூடப்படவில்லை.

அல்லிகளும் நத்தைகளும்

டெவோனியன் காலக் கடலில் கடல் அல்லிகள் காடுபோல் நின்றன. பெயர்தான் அல்லி. தண்டும் கைகளும் கொண்ட இவை நட்சத்திர மீனின் உறவினங்கள். இவற்றின் மேல், ஆசனவாய்க்கு நேர் மேலே, பிளாட்டிசெராட்டிட் என்ற நத்தைகள் உட்கார்ந்தபடியே புதைபடிவமாகியிருக்கின்றன. நத்தை ஓட்டின் விளிம்பு அல்லியின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப வளைந்து வளர்ந்திருப்பதால், ஒரு நத்தை நெடுநாள் அங்கேயே வாழ்ந்தது தெரிகிறது. அல்லியின் கழிவைத் தின்று வாழ்ந்த தீங்கற்ற துணை என்றே பலகாலம் நினைத்தார்கள். பிறகு தொல்லுயிரியலாளர் டோமாஸ் பௌமில்லர் நத்தை உட்கார்ந்த இடத்தின் அடியிலேயே துளையைக் கண்டார். சில பாறைகளில், நத்தை ஏறிய அல்லிகள் ஏறாதவற்றைவிடச் சிறியவையாக இருந்தன. துணை என்று எண்ணியது உணவைத் திருடும் ஒட்டுண்ணியாகத் தெரியத் தொடங்கியது.

பிலிப் சிக்னரும் கார்ல்டன் பிரெட்டும் 1984இல் இதை ஒரு பெரிய மாற்றத்தின் பகுதியாகப் பார்த்தார்கள். டெவோனியனில் ஓட்டை நொறுக்கும் தாடை மீன்கள் பெருகின. அதே காலத்தில் அல்லிகளின் உடல் தட்டுகள் தடித்தன, முட்கள் வளர்ந்தன. நத்தைகளிலும், சிப்பிபோல் இரட்டை ஓடு கொண்ட கைக்காலிகளிலும் முள்ளும் புடைப்பும் கூடின. அது மீசோசோயிக் காலத்தில் நடக்கவிருந்த இன்னும் பெரிய மாற்றத்துக்கு முன்னோட்டம் என்றார்கள்.

மீசோசோயிக் கடற்புரட்சி

அந்தப் பெரிய மாற்றத்துக்குப் பெயர் கொடுத்தவர் கீரத் வெர்மெய். 1946இல் நெதர்லாந்தில் பிறந்து, மூன்று வயதில் பார்வையை முற்றிலும் இழந்தவர். அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும்போது ஆசிரியை ஒருவர் ஃபுளோரிடாவிலிருந்து கொண்டுவந்த சங்குகளைத் தடவிப் பார்த்தார். தாம் அறிந்த வடகடல் ஓடுகளைவிட அவற்றில் ஏன் இவ்வளவு வேலைப்பாடு என்ற கேள்வி அவருக்குள் விழுந்தது. பின்னாளில் பசிபிக் தீவுகளின் சங்குகளைக் கையில் எடுத்தபோது, அட்லாண்டிக் சங்குகளைவிட அவை தடித்தும், வாய் குறுகியும், வாயோரத்தில் பற்கள் கொண்டும் இருப்பதை விரல்களால் உணர்ந்தார். ஓட்டை உடைக்கும் நண்டுகளும் மீன்களும் எங்கே வலிமையாக இருக்கின்றனவோ அங்கே சங்கும் வலிமையாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

காலாப்பா என்ற நண்டு தாக்குவதைப் பார்த்தால் ஆறிய காயத்தின் வடு ஓட்டில் எப்படி உண்டாகிறது என்பது விளங்கும். அதன் ஒரு கொடுக்கில் தனியாக ஒரு பல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சங்கின் வாயில் செருகி, ஓட்டை விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகப் பெயர்க்கிறது. நத்தை சுருளின் ஆழத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டால் நண்டு ஒரு கட்டத்தில் விட்டுவிடும். பிழைத்த நத்தை உடைந்த விளிம்பிலிருந்து மறுபடி ஓடு கட்டும். ஒட்டுப்போட்ட துணியில் தையல் தெரிவதுபோல, பழைய வளர்ச்சிக் கோடுகளைக் குறுக்கே வெட்டி, கோணல்மாணலான ஒரு வரி வாழ்நாள் முழுதும் அந்த ஓட்டில் நிற்கும். நத்தை இயல்பாகச் செத்துப் புதைந்து கல்லான பிறகும் அந்த வரி அழிவதில்லை.

1977இல் வெளியிட்ட கட்டுரையில் வெர்மெய் இதைக் காலத்தின் மீது விரித்தார். சுமார் 25 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீண்ட மீசோசோயிக் காலத்தில், ஓடுடைக்கும் நண்டுகள், இறால் வகைகள், திருக்கைகள், எலும்பு மீன்கள், துளைக்கும் நத்தைகள் என்று கொன்றுண்ணிகள் பெருகின. இரைகளும் மாறின. தளர்வாகச் சுருண்ட, பெரிய தொப்புள் கொண்ட பலவீனமான நத்தை ஓடுகள் ஆழமற்ற வெப்பக் கடல்களில் அருகின. வாய் குறுகிய, விலா எழும்பிய ஓடுகள் பெருகின. சிப்பிகள் மணலுக்குள் புதைந்து, நீர்க்குழலை மட்டும் மேலே நீட்டி வாழும் வாழ்க்கைக்கு மாறின. கடற்தரையின் மேலே அசையாமல் கிடந்த கைக்காலிகள் ஒதுங்கின. தண்டுள்ள கடல் அல்லிகள் ஆழ்கடலுக்குப் பின்வாங்கின. அல்லிகளின் தண்டுகளில் கடல் முள்ளெலியின் கடித்தடங்கள் டிரயாசிக் காலத்திலேயே இருப்பதைப் பௌமில்லரும் போலந்து ஆய்வாளர்களும் 2010இல் காட்டினார்கள். ஊர்ந்து தப்பிக்கக்கூடிய அல்லி வகைகள் பெருகியது அந்தக் காலத்திலேதான்.

1987இல் வெளியான தம் நூலில் வெர்மெய் ஒரு நுட்பமான வேறுபாட்டை வற்புறுத்தினார். இரையும் கொன்றுண்ணியும் ஒன்றையொன்று சமமாக மாற்றிக்கொள்கின்றன என்று அவர் கருதவில்லை. தாக்குதல் தோற்றால் கொன்றுண்ணிக்கு ஒரு வேளை உணவு போகும், இரை தோற்றால் அதற்கு உயிரே போகும். ஆகவே இரை மாறுவது கொன்றுண்ணிக்காக. கொன்றுண்ணியோ பெரும்பாலும் தன்னைவிடப் பெரிய எதிரிகளுக்கும் போட்டியாளர்களுக்கும் ஏற்பவே மாறுகிறது. இந்தக் கொள்கையைச் சோதிப்பதே அடுத்த முப்பது ஆண்டுகளின் வேலையாயிற்று.

எண்களில் உள்ள பொறிகள்

சோதிக்க எண்கள் வேண்டும். எண்களோ எளிதில் ஏமாற்றும். சிப்பிக்கு இரண்டு ஓடுகள். துளை விழுவது பெரும்பாலும் ஒன்றில் மட்டும். ஒரு பாறையிலிருந்து 100 தனித்தனி ஓடுகளைப் பொறுக்கி, 10இல் துளை கண்டால், பத்து சதவீதம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 100 ஓடுகள் 50 சிப்பிகளுக்குச் சமம். 50இல் 10 என்றால் இருபது சதவீதம். இந்த ஒரு திருத்தத்தைச் செய்தார்களா இல்லையா என்று பார்க்காமல் இரண்டு கட்டுரைகளின் எண்களை ஒப்பிடவே கூடாது.

வடுக்களைப் படிப்பது இன்னும் கடினம். ஒரு காலத்து நத்தைகளில் ஆறிய வடுக்கள் கூடினால் என்ன பொருள்? தாக்குதல்கள் பெருகியிருக்கலாம். தாக்குதல்கள் அதே அளவில் இருக்க, ஓடு வலுத்ததால் தப்பியவை பெருகியிருக்கலாம். வேட்டையாடிகள் பலவீனமாகியிருக்கலாம். வேட்டையாடிகள் மிகத் திறமையாகிவிட்டால் வடுவே இருக்காது. எல்லா இரையும் செத்திருக்கும். ஆகவே வடுவின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வேட்டையின் தீவிரத்தைச் சொல்ல முடியாது. துளைகளின் எண்ணிக்கை, பாதியில் நின்ற துளைகளின் விகிதம், ஓட்டின் தடிமன், இரையின் அளவு ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் வடு பேசும்.

தடயத்தையே தவறாகப் படிக்கும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த பிளாசென்டிசெராஸ் என்ற அம்மோனைட்டில் வரிசையாக வட்ட ஓட்டைகள் இருந்தன. மோசசார் என்ற கடற்பல்லி அதைப் பதினாறு முறை கடித்தது என்று காஃப்மேனும் கெஸ்லிங்கும் 1960இல் எழுதினார்கள். அந்தக் காட்சி பாடநூல்களுக்குள் புகுந்தது. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர் தோமோகி காசே குழுவினர், இயந்திர மோசசார் தாடை ஒன்றைச் செய்து நாட்டிலஸ் ஓடுகளைக் கடிக்கவைத்தார்கள். ஓடு நட்சத்திரமாக வெடித்ததே தவிர அழகான வட்டம் விழவில்லை. அம்மோனைட் ஓட்டில் ஒட்டிவாழ்ந்த லிம்பெட் என்ற நத்தைகள் குடைந்த இருக்கைக் குழிகளே அந்த வட்டங்கள் என்றார்கள். ஓட்டைகளின் வரிசை தாடையின் வளைவோடு பொருந்தும் மாதிரிகளைக் காட்டி வேறு சிலர் மறுத்தார்கள். எல்லா ஓட்டைக்கும் ஒரே விளக்கம் கூடாது என்பதே இந்த விவாதம் தந்த பாடம். ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஓட்டிலிருந்து சூழலமைப்புக்கு

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் பெரிய கேள்விக்குப் பதில்கள் வந்திருக்கின்றன. பட்ரீஷியா கெல்லியும் தோர் ஹேன்சனும் அமெரிக்கக் கடற்கரைச் சமவெளியிலிருந்து 40,000க்கும் மேற்பட்ட ஓடுகளை எண்ணினார்கள். கிரெட்டேசியஸ் இறுதிப் பேரழிவுக்குப் பிந்தைய பாறைகளில் துளைபட்ட ஓடுகளின் விகிதம் வெகுவாக உயர்ந்திருந்தது. கவசம் வலுத்த இரைகள் பேரழிவில் அதிகம் மடிந்தனவா, எளிய இரைகள் மிஞ்சியதால் துளைப்பது கூடியதா என்று அவர்கள் கேட்டார்கள். பின்னர் நடந்த சோதனைகள் அந்த விளக்கத்தை ஒருமுகமாக ஆதரிக்கவில்லை. ஆனாலும் பேரழிவு வெறும் இனங்களின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கவில்லை, தின்னும் தின்னப்படும் உறவுகளையும் குலைத்து அடுக்கியது என்பது நிலைபெற்றது.

என் பார்வையில் இத்துறையின் மிக அழகான ஆய்வு ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. அங்குள்ள முள்சங்குகள் சியோனி என்ற சிப்பியை இரண்டு வழிகளில் துளைக்கின்றன. ஓட்டின் சுவரைத் துளைப்பது மெதுவானது, பாதுகாப்பானது. இரண்டு ஓடுகளும் சேரும் விளிம்பில் துளைப்பது வேகமானது. ஆனால் சிப்பி மூடிக்கொண்டால் சங்கின் வாய்ப்பகுதி நசுங்கும். கிரெகரி டீட்ல், கிரெகரி ஹெர்பர்ட், வெர்மெய் மூவரும் ஆய்வகத் தொட்டியில் போட்டியாளர்களைச் சேர்த்தபோது, சங்குகள் ஆபத்தான விளிம்பு முறைக்கு மாறின. இரையை வேறொருவர் பறிக்கும் முன் முடிக்க வேண்டிய அவசரம். பிறகு புதைபடிவங்களைப் பார்த்தார்கள். அந்தப் பகுதியில் சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நடந்த உயிரழிவுக்கு முந்தைய சியோனி ஓடுகளில் விளிம்புத் துளைகள் இருந்தன. அழிவுக்குப் பிந்தையவற்றில் அவை மறைந்தன. கொன்றுண்ணிகளுக்குள் இருந்த போட்டியே அழிவோடு தணிந்துபோனதாக 2004இல் வெளியிட்டார்கள். துளை எந்த இடத்தில் விழுந்தது என்பதிலிருந்து, கண்ணில் படாத ஓர் உறவை மீட்டெடுத்த ஆய்வு இது.

இன்னும் பரந்த அளவில், ஜான் ஹண்ட்லியும் மிஹாவ் கோவலெவ்ஸ்கியும் 2007இல், கேம்பிரியன் தொடங்கி இன்றுவரை வேட்டைத் தடயங்களின் அடர்த்தியும் கடலின் உயிர்ப்பன்மையும் சேர்ந்தே ஏறி இறங்கியதைக் காட்டினார்கள். கொன்றுண்ணிகள் பன்மையை வளர்த்தனவா? சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் 1960களில் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறையிலிருந்து நட்சத்திர மீன்களை அகற்றியபோது, அங்கிருந்த இனங்கள் 15இலிருந்து 8ஆகச் சுருங்கின. அந்தச் சோதனை நினைவில் இருப்பவர்களுக்கு ஆம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பன்மை கூடும்போது விசேஷத் திறன் கொண்ட வேட்டையாடிகள் தோன்றும் வாய்ப்பும் கூடும். நன்றாகப் பதிந்த பாறைகளில் இரண்டுமே கூடுதலாகத் தெரியவும் செய்யும். மூன்றையும் பிரித்தறிய இன்னும் வேலை இருக்கிறது. 2017இல் அடியேல் க்ளொம்ப்மேக்கர் குழு, துளையின் அளவு காலப்போக்கில் பெரிதானதையும் இரையின் அளவு அப்படிக் கூடாததையும் கண்டது. அதாவது இரையோடு ஒப்பிடக் கொன்றுண்ணி பெரிதாகிக்கொண்டே வந்தது. சதைப்பற்றுக் குறைந்த கைக்காலிகளின் இடத்தைச் சதை மிகுந்த சிப்பிகளும் நத்தைகளும் பிடித்ததால், சிறு இரையே பெரிய வயிற்றுக்குப் போதுமானதாயிற்று என்பது ஒரு விளக்கம்.

புரட்சி பின்னோக்கியும் திரும்பக்கூடும். அண்டார்டிகாவின் சீமோர் தீவில், இயோசீன் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த பாறைகளில், ஆழமற்ற நீரில் பாம்பு நட்சத்திரங்களும் தண்டுள்ள அல்லிகளும் மீண்டும் அடர்ந்து வாழ்ந்தன. ரிச்சர்ட் அரான்சன் குழு 1997இல் இதை விளக்கியது. கடல் குளிர்ந்தபோது ஓடுடைக்கும் மீன்களும் நண்டுகளும் குன்றின. வேட்டை தணிந்த இடத்தில் பழைய கடலின் சமூகம் திரும்பி வந்தது. இன்றைய அண்டார்டிகக் கடற்தரையும் அந்த வழியில் வந்ததுதான். அதனால்தான் அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டிய பாமர் ஆழத்தில் அரச நண்டுகள் இருப்பதாக 2011இல் அறிக்கை வந்தபோது ஆய்வாளர்கள் கவலைப்பட்டார்கள். அவை புதிதாக வந்தவையா, நெடுநாள் குடியிருப்பவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடல் வெப்பமடைந்தால் நண்டுகள் மேலேறும், கவசமற்ற அந்தச் சமூகம் தாங்காது என்பது கற்பனை அச்சமல்ல. அதே நாடகம் ஒருமுறை எதிர்த்திசையில் நடந்ததைச் சீமோர் தீவின் ஓடுகள் காட்டுகின்றன.

நம் பாறைகளும் நம் சேகரிப்புகளும்

இத்தாலியின் டோலமைட் மலைகளில் உள்ள டிரயாசிக் பாறைகளில் துளைபட்ட ஓடுகளை ஃபூர்ஸிக்கும் ஜப்லான்ஸ்கியும் 1984இல் விவரித்தபோது, துளைக்கும் உத்தி அப்போது தோன்றி, பரவாமல் மறைந்து, சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்குப் பிறகு கிரெட்டேசியஸில் மீண்டது என்று கருதினார்கள். இடைப்பட்ட காலம் வெறுமையா என்ற கேள்விக்கு வலுவான பதில் ஒன்று இந்தியாவிலிருந்து வந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள பிற்கால ஜுராசிக் சிப்பிகளில் தீவிரமான துளையிடலைக் கொல்கத்தாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் பதிவுசெய்தார்கள். ஜுராசிக்கில் துளைகள் குறைவு என்ற எண்ணத்துக்கு ஒரு பகுதிக் காரணம், நாம் தேடிய இடங்களே.

தமிழகத்தின் காவிரிப் படுகைக்கும் இதில் பங்கு இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தின் கிரெட்டேசியஸ் பாறைகளை 1840களில் கேயும் கன்லிஃப்பும் சேகரித்தார்கள், எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். அடுத்த தலைமுறையில் ஸ்டோலிச்கா எழுதிய தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் விலங்குகள் பற்றிய தொகுதிகள் உலகத் தரமானவை. அந்த வட்டாரத்துக் காரை கிராமத்தின் வறண்ட களிமண் மேடுகளில் இன்றும் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல் சிப்பிகளாலும் கைக்காலிகளாலும் நிறைந்தது. அதே கல் சிமென்ட் ஆலைகளுக்கும் போகிறது.

பெயரிடவும் காலம் கணிக்கவும் திரட்டிய பழைய சேகரிப்புகளில் ஓர் இயல்பான சாய்வு உண்டு. முழுமையான, அழகான மாதிரியே அருங்காட்சியகத்துக்குப் போனது. துளைபட்டதும் ஓரம் உடைந்ததும் கோணல் வடு கொண்டதும் களத்திலேயே விடப்பட்டன. வேட்டையின் வரலாற்றை எழுத வேண்டுமானால் அந்த ஒதுக்கப்பட்டவைதான் தேவை. ஒரு பாறை அடுக்கிலிருந்து கையில் அகப்படும் எல்லா ஓடுகளையும், அழகு பார்க்காமல், அடுக்கும் இடமும் குறித்து அள்ளிவருவதே இந்தத் துறை கேட்கும் சேகரிப்பு முறை. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பல்லைக் கடித்த பொறுமையும், எண்ணி எழுதும் ஒழுக்கமும், வெர்மெய் கொண்டிருந்த விரல்களின் கவனமும் போதும்.

தொகுத்துச் சொன்னால், ஓடு தோன்றிய காலத்திலிருந்தே கடலில் வேட்டை இருந்தது. அதன் தீவிரம் ஒரே சீராகக் கூடவில்லை. டெவோனியனிலும் மீசோசோயிக்கிலும் ஏறியது, பேரழிவுகளில் குலைந்தது, குளிர்ந்த கடலில் இறங்கவும் செய்தது. யார் தாக்கியது என்பதைவிட எப்படித் தாக்கப்பட்டது, எத்தனை தப்பின என்பதையே நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. வெப்பமும் அமிலமும் கூடும் இன்றைய கடலில் ஓடுகள் மெலிந்து நண்டுகள் இடம்பெயர்ந்தால் என்ன நடக்கும் என்று அறிய விரும்புபவர்களுக்கு, இதற்கு முன் இப்படிப்பட்ட மாற்றங்களைக் கடந்துவந்த ஓடுகளைவிட நேர்மையான ஆதாரம் வேறில்லை. அவற்றை ஆலைக்கு அனுப்பும் முன் எண்ணிப் பார்ப்பது, காவிரிப் படுகையில் பயிலும் நிலவியல் மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை.